பால்வாடி டீச்சர் பதில்கள்: மூன்று வயதுக்கு என்ன விளையாட்டு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றியவை. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் நெருங்குவதால் இருக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் 1985-ல் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பால்வாடி டீச்சராகச் சேர்ந்தேன். பால்வாடி அங்கன்வாடி ஆனது, சுவரில் இருந்த கிளி படம் நாலு முறை மாறியது, 2018-ல் ஓய்வு பெற்றேன். டாக்டர் இல்லை, மனோதத்துவம் படித்தவளும் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் இருபது, இருபத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருந்தவள். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

முதலில், என்னைத் திட்டி வந்த கடிதம்.

சென்ற இதழில், துவரம்பருப்பையும் கொண்டைக்கடலையையும் கலந்து வைத்து மூன்று வயதுக் குழந்தையைப் பிரிக்கச் சொல்லலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூக்கில் கடலையோடு வரும் பிள்ளைகளை நீங்கள் பார்த்ததில்லையா?
– ஒரு செவிலியர், மதுரை

பார்த்திருக்கிறேன் அம்மா. அதனால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் எழுதியது தப்பு.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவதோ நாலாவதோ வருஷம். அன்று சுண்டல் போடும் நாள். ஒரு பையன், மூன்று முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், ஊறப்போட எடுத்து வைத்திருந்த கடலையில் ஒன்றை மூக்கில் ஏற்றிவிட்டான். அழவில்லை. “டீச்சர், உள்ள போயிட்டு” என்று வந்து பெருமையாகச் சொன்னான். நான் என்ன செய்தேன்? தலையில் இருந்த கொண்டை ஊசியை எடுத்து நோண்டினேன். அது இன்னும் மேலே போய்விட்டது. பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் நுனி வளைந்த ஒரு கருவியை விட்டு அரை நிமிஷத்தில் எடுத்துவிட்டார். “முதலில் நோண்டியது யார்?” என்று அவர் கேட்டபோது நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே சென்ற இதழில் சொன்னதை அழித்துவிடுங்கள். கடலை, பட்டாணி, புளியங்கொட்டை, பாசிமணி எதுவும் மூன்று வயதுக் கையில் விளையாட்டுக்கு வேண்டாம். குன்றிமணி அறவே வேண்டாம், அது விஷம். பிரித்து வைக்கும் விளையாட்டு வேண்டும் என்றால் பெரிய வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கலந்து கொட்டுங்கள். காய்ந்த துணியில் அப்பா சட்டை ஒரு பக்கம், பாப்பா சட்டை ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். அப்படியும் எதையாவது மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் நோண்டாதீர்கள், எண்ணெயோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். கடலை ஊறினால் பருக்கும். நேரே டாக்டரிடம் போங்கள்.

மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த பொம்மைகள் மட்டும் 27. எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டுகிறாள். ஒன்றிலும் ஐந்து நிமிஷம் நிற்பதில்லை. “போரடிக்குது” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் பிளாஸ்டிக் டப்பாவையும் மூடியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கவனக் குறைபாடு ஏதாவது இருக்குமா?
– ஓர் அப்பா, அம்பத்தூர்

டப்பாவோடு எவ்வளவு நேரம் உட்காருகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக்குக் கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரம் என்றால் கவனத்துக்கு என்ன குறை? எந்த மூடி எந்த டப்பாவுக்கு என்று கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கே சுலபம் இல்லை, என் மருமகளைக் கேளுங்கள்.

இருபத்தேழு பொம்மையை ஒரே நேரத்தில் கொட்டி வைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆடித் தள்ளுபடியில் துணிக்கடைக்குள் போன மாதிரி. எதையும் எடுக்கத் தோன்றாது.

எங்கள் பால்வாடியில் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி இருந்தது. அரசாங்கம் கொடுத்த சாமான் கொஞ்சம், நாங்கள் தைத்தது கொஞ்சம். மரக்கட்டைகள், துணிப்பந்து, வளையம் கோக்கும் குச்சி, பழைய சேலையில் செய்த ஒரு யானை, இரண்டு தேங்காய்ச் சிரட்டை. அவ்வளவையும் ஒன்றாக வெளியே வைக்க மாட்டேன். திங்கட்கிழமை கட்டைகள் வெளியே வந்தால் பந்து உள்ளே போகும். பதினைந்து நாள் கழித்து அதே அழுக்குப் பந்து வெளியே வரும்போது “ஏய், பந்து வந்துட்டு!” என்று ஒரு கூச்சல் எழும் பாருங்கள், ஊருக்குப் போன மாமா திரும்பி வந்த மாதிரி. புதிதாக ஒரு பைசா செலவில்லை.

நீங்களும் அதைச் செய்யுங்கள். இருபத்தொன்றைப் பரணில் ஏற்றுங்கள், ஆறை மட்டும் கீழே வையுங்கள். கூடையில் குவிக்காமல், அவள் கைக்கு எட்டும் தட்டில் ஒவ்வொன்றாகத் தெரியும்படி வையுங்கள். அடுக்குவதற்கு ஒன்று, எறிந்து ஓடுவதற்கு ஒன்று, தூங்க வைத்துச் சோறு ஊட்ட ஒன்று, கிறுக்க ஒன்று இருந்தால் நல்லது. மற்ற இரண்டை அவள் தேர்ந்தெடுக்கட்டும். அந்த டப்பாவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

பொத்தானை அமுக்கினால் தானே பாடி, தானே ஓடி, தானே விளக்கு எரியும் பொம்மைகளை முதலில் ஏற்றலாம். எல்லா வேலையையும் அதுவே செய்துவிட்டால் பிள்ளைக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர என்ன மிச்சம்? இதை நான் பெரிய ஞானி மாதிரிச் சொல்கிறேனே தவிர, என் பேத்திக்குப் பாடுகிற ரயில் ஒன்றை ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியவளும் நான்தான். முதல் நாள் மூன்று முறை கேட்டாள். அப்புறம் தொடவில்லை. பேட்டரி தீர்ந்த பிறகு ஒருநாள் பார்க்கிறேன், ரயிலைத் தலையணை உறை மேல் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். “என்னட்டி செய்யுத?” “அப்பா சட்டைக்கு இஸ்திரி போடுதேன் ஆச்சி.” அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது இஸ்திரிப் பெட்டி.

மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். பக்கத்து வீட்டுப் பாப்பாவின் சொப்புச் சாமானை விட்டு வரவே மாட்டேன் என்கிறான். ஒன்று வாங்கித் தரலாம் என்றால் என் மாமியார், “ஆம்பளப் பிள்ளைக்கு அது எதுக்கு? கார் வாங்கிக் குடு” என்கிறார். சண்டை வராமல் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு மருமகள், நாமக்கல்

உங்கள் மாமியாருக்கு என் வயது இருக்கும். அவரை எனக்குப் புரிகிறது, அதனால் அவரை ஜெயிக்கும் வழியும் தெரியும். மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: “அத்தை, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி சமைச்சது யாரு?” எங்கள் பக்கத்தில் தவசிப்பிள்ளை என்போம். மீசை வைத்த ஆட்கள்தான். அவர் சிரித்துவிட்டால் பாதி முடிந்தது.

மீதிப் பாதிக்கு ஒரு கதை. எங்கள் பால்வாடிக்கு வந்த ஒரு பையனின் அப்பா பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தார். அவன் சொப்புப் பெட்டி திறந்ததும் முதல் ஆளாக வந்து இரண்டு கிண்ணத்தை எடுத்துக்கொள்வான். கையை ஓங்கி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றுவான், ஒரு சொட்டும் இல்லாத டீயை. தோளில் ஒரு துண்டு வேண்டும் அவனுக்கு, இல்லாவிட்டால் கடை திறக்காது. பெஞ்சைத் துடைப்பான். “மூணு டீ, ஒண்ணு சீனி இல்லாம” என்று தானே சொல்லிக்கொண்டு, சரியாக மூன்று பேருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். சீனி இல்லாதது எனக்கு. எண்ணுவது, யார் என்ன கேட்டார் என்று நினைவு வைத்துக்கொள்வது, சிந்தாமல் ஊற்றுவது, அடுத்தவர் முறை வரும்வரை காக்க வைப்பது என எல்லாம் அந்தக் கடையில் நடந்தது. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு அட்டையும் தேவைப்படவில்லை.

மூன்று வயதில் பிள்ளை வீட்டைப் பார்த்து நடிக்கும். உங்கள் பையன் சமையலறையில் உங்களைப் பார்க்கிறான், அதைச் செய்கிறான். அவனுடைய அப்பா நாளைக்கு ஒரு காபி போட்டால் அதையும் செய்வான்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண் பிள்ளைக்குக் கடைசியாக வைத்த மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மண்ணும் மேளமும் வண்டியும். மூன்று வயதுக்கு இன்றைக்கும் அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. ஆனால் பாருங்கள், சிற்றில் பருவத்தில் பெண் பிள்ளைகள் மணலில் வீடு கட்டிச் சோறு ஆக்குவார்கள், பையன் வந்து காலால் உதைத்துச் சிதைப்பான். ஆக்குகிற வேலையைப் பையனுக்குக் கொடுக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. உங்கள் மாமியாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

வாங்குவதென்றால் மரச் சொப்பு வாங்குங்கள். எங்கள் அம்பாசமுத்திரத்துச் சாமான் என்பதால் மட்டும் சொல்லவில்லை, சரி, அதனாலும்தான். முன்பு மஞ்சள் கடம்பு மரத்தில் கடைவார்கள், இப்போது வேறு மரங்களும் வருகின்றன. மரம் கடைசல் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வண்ண அரக்கை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு இளகி ஏறும். அடுப்பு, பானை, குடம், உரல், உலக்கை, அம்மி, திருகை, தோசைக்கல் எல்லாம் இருக்கும். உங்கள் வீட்டில் இல்லாத திருகையையும் உரலையும் அவன் சொப்பில்தான் பார்ப்பான். வாங்கி வந்ததும் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், சாயம் ஏறினால் திருப்பிக் கொடுங்கள். குழவியோ கரண்டியோ மிகச் சிறியதாக இருந்தால் எடுத்து வைத்துவிட்டு அடுத்த வருஷம் கொடுங்கள். எது சிறியது என்று அடுத்த பதிலில்.

கடையில் பொம்மை வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்? அட்டைப்பெட்டியில் “3+” என்று போட்டிருந்தால் போதாதா?
– ஓர் அம்மா, திருச்சி

போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கும், சந்தேகம் என்றால் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அதனால் மரச் சொப்பில் முத்திரை இல்லை என்று பயப்பட வேண்டாம். ஆனால் திருவிழாக் கடையில் குவித்து வைத்திருக்கும் நெடி அடிக்கிற பிளாஸ்டிக்குக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. சிறு பாகம் தொண்டையை அடைக்குமா என்று சோதிக்கிற உருளையின் குறுக்களவு 31.7 மி.மீ. அதை எங்கே தேடுவது? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போடுங்கள். கொஞ்சம் பெரிதாகவே வரும், பரவாயில்லை. அதற்குள் நழுவி விழுகிற எதையும் வாயில் வைக்கிற பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். மூன்று முடிந்தும் வாயில் வைக்கிற பிள்ளைகள் நிறைய உண்டு.

எனக்கு உண்மையில் பயம் தருவது மூன்று. ஒன்று, பொத்தான் பேட்டரி. ரிமோட்டிலும், பாடுகிற வாழ்த்து அட்டையிலும், விளக்கு எரிகிற செருப்பிலும் இருக்கிறதே, அந்த வட்ட பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். பேட்டரி மூடி ஸ்குரு போட்டு முடுக்கியதாக இருக்க வேண்டும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இரண்டு, குட்டிக் காந்தங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று பிடித்து இழுத்து ஓட்டை போட்டுவிடும். மூன்று, பலூன். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் வெடித்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். பிறந்தநாள் முடிந்ததும் தரையில் கிடப்பதைப் பெருக்கி அள்ளிவிட்டுத் தூங்குங்கள்.

ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கிறோம். “அ, ஆ, ஏ, பி, சி, டி எழுதப் பழக்கிவிட்டு வாங்க” என்கிறார்கள். மகன் பென்சிலைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறான். ஃபிளாஷ் கார்டு, டிரேசிங் ஸ்லேட் எல்லாம் வாங்கியாகிவிட்டது. எழுத வைக்கும் விளையாட்டுப் பொருள் வேறு ஏதாவது சொல்லுங்களேன்.
– பெயர் வேண்டாம், ஓசூர்

மூன்று வயதுப் பிள்ளை பார்த்து வரைகிற வடிவம் வட்டம். கூட்டல் குறி மாதிரிக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட நாலை ஒட்டி ஆகும். சதுரம் அதற்கும் பிறகு. இப்போது ‘அ’வை எழுதிப் பாருங்கள், எத்தனை சுழி, எத்தனை திருப்பம்! அவன் மாட்டேன் என்பது அடம் இல்லை. நீங்கள் அவனிடம் மாவிளக்கு மாவைக் கொடுத்து முறுக்குச் சுற்றச் சொல்கிறீர்கள்.

எழுத்துக்கு முன்னால் விரல். விரலுக்கு வேலை கொடுக்க வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. கொடியில் துணி கிளிப் மாட்டச் சொல்லுங்கள், அமுக்குகிற அந்த இரண்டு விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் பிழியக் கொடுங்கள். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள், பாதி தரைக்குப் போகும், போகட்டும். பூண்டுப் பல்லை நீங்கள் கொஞ்சம் உரித்து விட்டால் மிச்சத் தோலை அவன் எடுப்பான், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காமல் உடனே கழுவிவிடுங்கள். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் கோடு போடச் சொல்லுங்கள்.

பிசைகிற மாவு செய்யத் தெரியுமல்லவா? ஒரு கப் மைதாவுக்கு அரை கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், சப்பாத்திப் பதத்துக்குத் தண்ணீர். ஒரு உருண்டைக்கு மஞ்சள், இன்னொன்றுக்கு பீட்ரூட் சாறு. டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். உப்பு தூக்கலாக இருப்பதால் சும்மா தின்ன மாட்டார்கள். தின்கிற பிள்ளை என்றால் வெறும் சப்பாத்தி மாவே போதும். என் பேத்தி போன வாரம் அதில் ஒரு முறுக்கு, ஒரு பாம்பு, “தாத்தா காது” ஒன்று செய்தாள். காது நன்றாகவே இருந்தது.

இத்தாலிக்கார டாக்டர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தார். உலகப் போர் வந்ததால் பல வருஷம் இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளி தெருவுக்குத் தெரு இருக்கிறது. அவர் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஜாடியிலிருந்து ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பென்சிலைத் திணிக்கிற பள்ளியாக உங்களுடையது இருந்தால், நேரில் போய் “வட்டம் போடுவான், மற்றதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்” என்று சொல்லுங்கள். அதற்குத்தானே பணம் வாங்குகிறார்கள்?

சாப்பாட்டுக்கு மட்டும்தான் போன் கொடுக்கிறோம். அதில் வண்ணங்கள், விலங்குகள் எல்லாம் கற்றுக்கொள்கிறாள். தப்பா?
– ஓர் அம்மா, சென்னை

சாப்பாடு மூன்று வேளை, ஒவ்வொன்றும் முக்கால் மணி. கூட்டிப் பாருங்கள். மூன்று, நாலு வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரெண்டுபடும். முதல் வாரம் காலை வேளைக்கு மட்டும் நிறுத்துங்கள். அந்த வேளையில் ஊட்டாதீர்கள், தட்டில் போட்டு அவள் கையாலேயே தின்னட்டும். சிந்தும். பசிக்கிற பிள்ளை இரண்டு நாள் குறைவாகத் தின்று மூன்றாம் நாள் தட்டைக் காலி செய்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எடை குறைகிறது என்றால் டாக்டரைக் கேளுங்கள், என்னை இல்லை.

பூங்காவில் மற்ற பிள்ளைகளோடு சேர மாட்டேன் என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடுகிறான். தன் வண்டியை யாராவது தொட்டால் கடிக்கிறான்.
– ஓர் அம்மா, கோவை

பக்கத்தில் உட்காருகிறான் அல்லவா, அதுவும் ஒரு வகைச் சேர்க்கைதான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதியிருக்கிறார். இணைகோடு மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற விளையாட்டு. இரண்டு, மூன்று வயதில் அது அதிகம், சேர்ந்து விளையாடுவது மெல்ல வரும்.

கடிப்பதை மட்டும் விடக் கூடாது. உடனே பிரித்து, “கடிச்சா வலிக்கும்” என்று ஒரே வரி, முடிந்தது. பிரசங்கம் அவன் காதில் ஏறாது. வண்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தன் சொத்தை ஊருக்குப் பங்கு போடச் சொன்னால் எனக்கே கோபம் வரும். பந்து கொண்டுபோங்கள், பந்துக்கு இன்னொரு ஆள் தேவை.

இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. முற்றம் இல்லை, தெருவில் விட முடியாது. சாயங்காலம் ஆனால் சோபாவிலிருந்து குதிக்கிறாள். கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.
– ஓர் அம்மா, தாம்பரம்

குதிக்கத்தான் செய்வாள். இந்த வயதுக்கு நாளெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குகிற மாதிரி. அதை ஒரே அடியாகத் தேடாமல் பிய்த்துப் பிய்த்துக் கொடுங்கள். கடைக்குப் போகும்போது கையைப் பிடித்துப் படியில் ஏறி இறங்கட்டும், ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை அவள் பையில் சுமக்கட்டும். தரையில் கலர் டேப்பை நீளமாக ஒட்டினால் அது தண்டவாளம், அதன் மேல் பிசகாமல் நடக்க வேண்டும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பெட்ஷீட் கட்டினால் குகை. குதிப்பதற்குப் பழைய மெத்தையைத் தரையில் போடுங்கள். எங்கள் பத்தமடைப் பாயைப் பெருமைக்காகச் சொல்லலாம், ஆனால் சத்தம் குறைக்க அது ஆகாது.

வெயில் நாளில் ஒரு கிண்ணம் தண்ணீரும் பெயிண்ட் அடிக்கிற பழைய பிரஷ்ஷும் கொடுத்து பால்கனித் தரைக்கு வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். அடித்து முடிப்பதற்குள் முதல் கோடு காய்ந்திருக்கும், மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். என் அனுபவத்தில் அரை மணி நேரம் உத்தரவாதம். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கிண்ணம் போதும், வாளி வேண்டாம். குளியலறையிலும் வாளியைத் தண்ணீரோடு விட்டு வைக்காதீர்கள். மூன்று சக்கர சைக்கிள் மிதிக்கிற வயதும் இதுதான், கீழே வண்டி நிறுத்துமிடம் காலியாக இருக்கும் நேரம் பாருங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் பாப்பா கையாலேயே கொஞ்சம் பணியாரம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த முறை ஏறி வருவதற்கு முன் யோசிப்பார்.

நான் 74 வயதுத் தாத்தா. பேத்திக்கு மூன்று முடிகிறது. கையில் 500 ரூபாய் இருக்கிறது. பேரன் பேத்திகளுக்கு மகன்கள் வாங்கித் தரும் சாமான்களுக்கு முன்னால் நான் எதைக் கொண்டுபோய் நிற்பது?
– ஒரு வாசகர், தென்காசி

ஐயா, 500 ரூபாய் தாராளம். கையடக்கமான ஒரு ரப்பர் பந்து, ஒரு பெட்டி தடித்த சாக்பீஸ், ஒரு சின்னச் சுளகு. வாரியலில் பாதி உயரத்துக்கு ஒன்று கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், பெருக்குவதற்கு இந்த வயதில் எவ்வளவு ஆசை என்று உங்களுக்கே தெரியும். இவ்வளவுக்கும் பாதிப் பணம் மிஞ்சும்.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் பக்கத்தில் பூவரசு நிற்கிறதா? ரொம்ப முற்றாத இலையாக நாலைந்து பறித்துக்கொள்ளுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு, அடியில் தடித்த நரம்பைக் கொஞ்சம் நீக்கிவிட்டு, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒரு நுனியை விரலால் லேசாக நசுக்கி உதட்டில் வைத்து ஊதினால் பீப்பி. முதல் இரண்டு இலை கிழியும், அது வழக்கம்தான். நீங்கள் சுருட்டும்போது அவள் உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்து கையையே பார்ப்பாள். பேத்திக்கு ஊத வராது, எச்சில்தான் வரும், அதனால் நீங்கள்தான் ஊத வேண்டும். பல் செட்டைக் கழற்றிவிட்டு மட்டும் ஊதாதீர்கள், வெறும் காற்றுத்தான் வரும்.